கைக்குக் கை போன் வந்தாயிற்று, தகவல் வந்து சேர்ந்ததா?

ஜூன் 4: ஒரு வாசகரின் கேள்வி

"கிராமத் தகவல் மையம், சமுதாய வானொலி, ஊர் ஒலிபெருக்கி என்று வளரும் நாடுகளில் எத்தனையோ முயற்சிகள் நடந்தன. அன்று இணைப்பு இல்லை, அதனால் அவை தேவைப்பட்டன. இன்று ஏழை நாடுகளிலும் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. தேடினால் எல்லாம் கிடைக்கிறது. இனியும் இவற்றுக்குப் பணம் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் உண்டா?"

ஜூன் 4, இரவு

உண்டு. ஒரு கிராமத் தகவல் மையத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பதில் நீளும், விட்டுவிட்டு எழுதுகிறேன்.

தேடினால் கிடைக்கிறது என்கிறீர்கள். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தவருக்குக் கிடைக்கிறது. எங்கள் மையத்துக்கு ஒரு மூதாட்டி வந்தார். முதியோர் உதவித்தொகை பல மாதங்களாக வரவில்லை. பேரன் தன் போனில் இணையதளத்தைத் திறந்து பார்த்திருக்கிறான். பணம் அனுப்பப்பட்டதாக அதில் பதிவாகியிருந்தது. வங்கிக்குப் போனால் வரவில்லை என்கிறார்கள். அலுவலகத்துக்குப் போனால் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். இரண்டு பேரும் சொன்னது உண்மை. வங்கிகள் இணைக்கப்பட்டபோது அந்தக் கிளையின் குறியீட்டு எண் மாறியிருந்தது. பழைய எண்ணுக்குப் போன பணம் மாதா மாதம் திரும்பிக்கொண்டிருந்தது. பாதி விவரம் வங்கியில், பாதி அலுவலகத்தில். இரண்டையும் ஒட்டவைக்க ஒரு ஆள் உட்கார்ந்து இரு தரப்புக்கும் போன் போட வேண்டியிருந்தது. அந்த ஆளுக்குத்தான் நீங்கள் வீண் செலவு என்று பெயர் வைக்கிறீர்கள்.

எந்தத் தகவல் வலைப்பின்னலைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான். கீழே இருப்பவர் ஒன்று கேட்டால் அது யாரிடம் போகிறது, பதில் திரும்பி வருகிறதா? மேலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து மட்டும் அளப்பவர்களோடு எனக்குத் தீராத சண்டை.

ஜூன் 5

பழைய முயற்சிகள் எல்லாமே தோல்வி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புதுச்சேரியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் அங்கே தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் நடுமையம், சுற்றியுள்ள ஊர்களில் கிளை மையங்கள். தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத இடங்களில் ரேடியோ அலை வழியாகவே பேச்சும் தரவும் போயின. மின்சாரம் போனால் சூரிய ஒளித் தகடு. கருவிகளை இறக்குவதற்கு முன்பே ஊர் மக்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மையம் இருக்கும் இடம் எல்லாச் சாதியினரும் தடையின்றி நுழையக்கூடிய பொது இடமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். என் அனுபவத்தில், கணினியைவிட அந்த நிபந்தனைதான் பெரிய தொழில்நுட்பம். ஒரு பெரிய வீட்டுத் திண்ணையில் மையத்தை வைத்துவிட்டு, காலனியிலிருந்து ஏன் யாரும் வருவதில்லை என்று வியக்கும் திட்ட அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

வீராம்பட்டினம் மீனவ ஊர். அங்கே கேட்டது நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்பது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயர முன்கணிப்பு வந்துகொண்டிருந்தது. அதை நடுமையத்தில் இறக்கி, தமிழாக்கி, ஊர் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். எங்கோ ஒரு போர்க்கப்பலுக்காகத் தயாரித்த தகவல், கட்டுமரத்தைத் தள்ளலாமா வேண்டாமா என்று கரையில் நிற்பவருக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவில் மனிதர்கள் உட்கார்ந்திருந்ததால்தான் சேர்ந்தது.

பிறகு 2004 டிசம்பர் 26. நல்லவாடு என்ற ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்து வீட்டுக்குப் போன் செய்தார். விடுமுறை நாள், மையம் பூட்டியிருந்தது. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஊர். படகுகளும் வீடுகளும் போயின, மக்கள் தப்பினார்கள்.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

"நல்லவாட்டைக் காப்பாற்றியது போன்தானே, மையமா?" என்று கேட்டவருக்கு:

போன் ஒரு வீட்டுக்கு வந்தது. அந்த வீட்டிலிருந்து ஊர் முழுவதற்கும் போனது ஒலிபெருக்கியில். இன்னொன்றும் உண்டு. கடல் நிலவரம் வந்துகொண்டிருந்த ஒலிபெருக்கி அது. அதில் கடலைப் பற்றி ஒன்று சொன்னால் நம்பலாம் என்று ஊருக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. ஆபத்து நாளில் முதன்முறையாக வாயைத் திறக்கும் கருவி பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். பேரிடர் எச்சரிக்கைக்கென்றே தனியாகக் கம்பம் நட்டு, ஆண்டுக்கொரு முறை சோதித்துப் பார்க்கும் திட்டங்களைப் பற்றி எனக்கிருக்கும் பெரிய கவலை இதுதான்.

ஜூன் 7

கொத்மலையைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

இலங்கையின் மலைப்பகுதியில் 1989-ல் தொடங்கிய சமுதாய வானொலி அது. மகாவலி அணைத் திட்டத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்காக 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வானொலிப் பணியின் தொடர்ச்சி. 1990-களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியோடு நிலையத்துக்கு இணைய இணைப்பு வந்தது. சுற்றுவட்டார வீடுகளில் கணினி கிடையாது, ஆனால் வானொலிப் பெட்டி உண்டு. அதனால் நேயர்கள் கடிதத்திலும் தொலைபேசியிலும் கேள்வி அனுப்பினார்கள். நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி, கிடைத்ததை ஒலிபரப்பிலேயே சிங்களத்தில் விளக்கினார்கள். உடல்நலக் கேள்வி என்றால் உள்ளூர் மருத்துவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார், சட்டம் என்றால் வழக்கறிஞர். நேரில் வந்து பயன்படுத்த விரும்புவோருக்குக் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் நூலகங்களில் கணினி வைத்தார்கள்.

ஒருவர் கேட்டதற்குச் சொன்ன பதிலை வெட்கத்தால் கேட்காமல் விட்ட நூறு பேரும் கேட்டுவிடுகிறார்கள். தனித்தனிப் போனில் தேடும்போது இது நடப்பதில்லை. நம் கேள்வி நம்மோடு போய்விடுகிறது. என் மையத்தில் ஒருவர் மகளின் சாதிச் சான்றிதழைப் பற்றி விசாரித்தால், வரிசையில் பின்னால் நிற்பவர் "அதற்கு இந்தத் தாளும் வேண்டும், எனக்கு அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள்" என்று நடுவில் புகுந்து சொல்வார். பல நாட்களில் எங்கள் விளக்கத்தைவிட அந்த இடைப்பேச்சே சரியாக இருந்தது.

ஜூன் 8

"இதெல்லாம் கணினி வந்த பிறகு வந்த யோசனைகள்" என்ற கருத்துக்கு:

1947-ல் கொலம்பியாவில் சுத்தாத்தென்சா என்ற மலைக் கிராமத்தில் ஒரு பாதிரியார் சிறு வானொலி நிலையம் தொடங்கினார். பெயர் ஹோசே ஹோவாகின் சல்செதோ. விவசாயக் குடும்பங்களுக்கு எழுத்தும் கணக்கும் பயிர் அறிவும் கற்றுத்தரும் வானொலிப் பள்ளி. பெட்டியைச் சுற்றி அக்கம்பக்கத்தார் உட்காருவார்கள், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூடவே இருந்து கரும்பலகையில் எழுதிக் காட்டுவார். நேயர்களின் கடிதங்கள் இலட்சக்கணக்கில் வந்தன, அவற்றுக்குப் பதில் எழுதவும் ஆட்கள் இருந்தார்கள். அந்தக் கடிதப் போக்குவரத்தே அதன் உயிர் என்று நான் கருதுகிறேன்.

பொலிவியாவில் ஏறத்தாழ அதே காலத்தில் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து ஒரு பங்கு கொடுத்துச் சொந்த வானொலிகளை நடத்தினார்கள். அரசிடமோ வெளிநாட்டு நன்கொடையாளரிடமோ கையேந்தவில்லை. சங்கக் கூட்டம் முதல் காணாமல் போன பொருள் வரை அதில்தான் அறிவிப்பு. 1980 ஜூலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தலைநகர வானொலிகள் வாயடைக்கப்பட்டன. சுரங்க வானொலிகள் ஒன்றோடொன்று சங்கிலியாக இணைந்து, ராணுவம் வந்து ஒவ்வொன்றாக அடைக்கும்வரை செய்தி சொன்னன. கேட்பவர்களின் காசில் நடந்ததால் யாருக்காகப் பேசுகிறோம் என்பதில் அவற்றுக்குக் குழப்பமே வரவில்லை.

ஜூன் 9

இணையம் பரவுவதற்கு முன் ஆப்பிரிக்காவில் என்ன இருந்தது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக.

ஃபிடோநெட் இருந்தது. ஒரு சாதாரணக் கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு. கடிதங்களை நாள் முழுக்கச் சேர்த்துவைத்து, ஒரே அழைப்பில் மொத்தமாகக் கொடுத்து வாங்கும் முறை. இந்தக் கடிதங்கள் வெளியுலகுக்குப் போய்வர லண்டனில் கிரீன்நெட் அமைப்பு ஒரு வாயிலை நடத்தியது. தொலைபேசியும் சரியில்லாத இடங்களுக்கு சாட்டலைஃப் அமைப்பின் ஹெல்த்நெட் வந்தது. அதைத் தொடங்கியவர் பெர்னார்டு லௌன் என்ற இதய மருத்துவர். தாழ்வாகச் சுற்றும் சிறு செயற்கைக்கோள் ஒன்று ஒரு நாளில் சில முறை தலைக்கு மேல் கடந்து போகும். அந்தச் சில நிமிடங்களில் தரை நிலையம் தன் கடிதங்களை மேலே ஏற்றி, வந்தவற்றை இறக்கிக்கொள்ளும். தூரத்து மருத்துவமனையில் தனியாக இருக்கும் ஒரு மருத்துவர் வெளியே இருக்கும் இன்னொரு மருத்துவரிடம் கேட்டுப் பதில் வாங்க அது போதுமானதாக இருந்தது. வேகம் குறைவு, படம் கிடையாது. ஆனால் கேள்வி போனது, பதில் வந்தது.

ஜூன் 11

மருத்துவ ஆய்விதழ்களைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். இலவசமாகத் திறந்துவிட்டார்களே, பிறகென்ன குறை என்று.

உலக சுகாதார நிறுவனம் 2002 ஜனவரியில் ஆறு பெரிய பதிப்பகங்களோடு சேர்ந்து ஹினாரி திட்டத்தைத் தொடங்கியது. மிக ஏழை நாடுகளின் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் ஆய்விதழ்களை இலவசமாகப் படிக்கலாம், அடுத்த நிலை நாடுகள் குறைந்த கட்டணத்தில். நல்ல காரியம், பயன் பெற்றவர்கள் ஏராளம். ஆனால் 2011-ன் தொடக்கத்தில் வங்கதேசத்துக்குச் சில பதிப்பகங்கள் திடீரென்று கதவை அடைத்தன. அங்கே சந்தை வளர்ந்துவிட்டதாம். எதிர்ப்பு கிளம்பிய பிறகு திறந்தார்கள். தானமாக வரும் தகவலை ஒரு மின்னஞ்சலில் நிறுத்திவிடலாம். இந்தியா அந்தப் பட்டியலிலேயே இல்லை. நாட்டின் மொத்த வருமானக் கணக்கில் ஒரு மாவட்ட மருத்துவமனையின் வறுமை தெரியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. உலக சுகாதார நிறுவனமே ஆப்பிரிக்க மாவட்டங்களுக்கு நீல நிறப் பெட்டி நூலகங்களை அனுப்பியது. ஒரு இரும்புப் பெட்டியில் நடைமுறை மருத்துவக் கையேடுகள். ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களைவிட, இன்றிரவு வரும் பிரசவத்துக்கு அந்தப் பெட்டியில் இருக்கும் ஒரு கையேடு உதவும். இரண்டும் வேண்டும். ஆனால் பேச்சும் பாராட்டும் முதலாவதற்கே போகின்றன.

ஜூன் 12

மையத்தில் உண்மையில் என்னதான் கேட்டார்கள் என்று பலர் விசாரித்திருக்கிறீர்கள். இதை விரிவாகவே சொல்கிறேன்.

எங்களிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருந்தது. கேள்வி நோட்டு என்போம். தேதி, கேட்டவர், கேள்வி, யாரிடம் விசாரித்தோம், பதில் சொன்ன தேதி என்று கோடு போட்ட பத்திகள். கேட்டவரின் வார்த்தையிலேயே கேள்வியை எழுத வேண்டும் என்பது மூத்தவர் ஒருவர் போட்ட சட்டம். "கால்நடைக் காப்பீட்டுத் திட்டம் குறித்து" என்று எழுதினால் அடித்துவிடுவார். "மாடு செத்துப் போச்சு, காது வில்லை காணோம், பணம் வருமா" என்றுதான் எழுத வேண்டும். காதில் மாட்டிய அடையாள வில்லை இல்லாமல் காப்பீட்டுப் பணம் வராது என்பதே அந்தக் குடும்பத்தின் சிக்கல். திட்டத்தின் பெயரை எழுதினால் அந்தச் சிக்கல் நோட்டிலிருந்து மறைந்துவிடும்.

எங்கள் கணினியில் தலைமையகம் குறுந்தகட்டில் அனுப்பிய உள்ளடக்கம் நிறைய இருந்தது. மண்புழு உரம், சொட்டுநீர்ப் பாசனம், காளான் வளர்ப்பு. எல்லாம் பயனுள்ளவையே. ஆனால் நோட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் வேறு ஊர்வலம். மனு எங்கே நிற்கிறது. ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எந்தக் கிழமை வருவார். ஊருக்கு வரும் பஸ் ஏன் நின்றது, யாரிடம் எழுதிக் கொடுப்பது. வெளிநாட்டில் இருக்கும் மகன் சேர்ந்த கம்பெனி உண்மையானதா. இவற்றில் எதுவும் எந்தத் தகவல் தொகுப்பிலும் கிடையாது. யாராவது ஒருவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும், அடுத்த மாதம் பதில் மாறியும் போகும்.

கடைசிப் பத்திதான் எங்களைத் தூங்கவிடாது. பதில் சொன்ன தேதி காலியாக இருக்கும் வரிசைகள். அவற்றை வாரக் கூட்டத்தில் சத்தமாக வாசிப்போம். பெரும்பாலும் ஒரே இரண்டு மூன்று அலுவலக மேசைகளிலேயே அவை தேங்கியிருக்கும். ஊரில் தகவல் பஞ்சம் எங்கே இருக்கிறது என்பதை அந்தக் காலிக் கட்டங்கள் அச்சுப் பிசகாமல் காட்டும். எங்கள் திட்டத்தை மதிப்பிட வந்தவர்கள் எத்தனை பேர் கணினி கற்றார்கள் என்று எண்ணிக்கொண்டு போனார்கள். நோட்டைத் திறந்து பார்க்கச் சொன்னோம், நேரமில்லை என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜூன் 13

காலிக் கட்டத்தை என்ன செய்வது என்பதற்கு ராஜஸ்தான் ஒரு பதில் தந்தது.

மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன். 1990-ல் தொடங்கிய உழைப்பாளர் அமைப்பு. அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் போன்றவர்களும் கிராமத்துக் கூலித் தொழிலாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. பஞ்ச நிவாரண வேலைகளில் முழுக் கூலி கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் வருகைப் பதிவேட்டைக் காட்ட மறுத்தார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் ஜன் சுன்வாய், அதாவது பொது விசாரணை நடந்தது. கையில் கிடைத்த பதிவேடுகளை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி, கட்டி முடிக்காத கட்டடத்துக்கு முழுப் பணம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் எழுந்து நின்று "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை" என்றார்கள். பதிவேடுகளின் நகலைக் கேட்டு 1996-ல் பியாவரில் 40 நாள் தர்ணா. அங்கிருந்து தொடங்கிய பயணம் 2005-ல் நாடு முழுவதற்குமான தகவல் உரிமைச் சட்டமாக முடிந்தது. பிறகு வேலை உறுதித் திட்டத்தின் விவரங்களை ஊர்ச் சுவரிலேயே வண்ணத்தில் எழுதிவைக்கும் பழக்கமும் அங்கே பரவியது. யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி பெற்றார் என்று.

அந்தச் சுவரைப் படிக்க கடவுச்சொல் வேண்டாம், நடந்து போகிறவர் நின்று படிக்கலாம். படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் நிற்பவர் வாசித்துக் காட்டுவார்.

ஜூன் 15

கேரள மீனவர் ஆய்வைச் சொல்லி "போன் ஒன்றே போதும் என்று நிரூபணமாகிவிட்டது" என்று எழுதியவருக்கு.

ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட ஆய்வு அது. 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் செல்போன் படிப்படியாக வந்தபோது மத்தி மீன் சந்தை எப்படி மாறியது என்று பார்த்தார். போனுக்கு முன் ஒரு நாள் வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டினார்கள். அதே வேளையில் 15 கிலோமீட்டருக்குள் 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றார்கள். போன் வந்த பிறகு அந்த வீணடிப்பு ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. அருமையான ஆய்வு, நான் மறுக்கவில்லை.

ஆனால் அங்கே தகவல் தெரிந்தவுடன் படகைத் திருப்ப முடிந்தது. படகுக்கும் வலைக்கும் ஒரு தரகரிடம் கடன் வாங்கியவர், பிடித்ததை அவரிடமே ஏலம் விட வேண்டிய கட்டாயத்தில் இருப்பார். பக்கத்துத் துறையில் இரட்டை விலை என்று போன் சொன்னாலும் அவரால் போக முடியாது. நெல்லுக்கும் பருத்திக்கும் இதே கதை. விலைப் பட்டியலை எங்கள் மையப் பலகையில் தினமும் எழுதிவந்தோம். கடன் இல்லாதவர்கள் அதைப் பார்த்துச் சந்தையை மாற்றினார்கள். கடன்பட்டவர்கள் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அதனால் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பலகையில் இருந்த விலையைக் காட்டித் தரகரிடம் கொஞ்சமாவது பேரம் பேசியவர்களும் உண்டு.

ஜூன் 16

இரண்டு நாட்களாக ஒருவர் விடாமல் கேட்டுவருகிறார்: "நம்பிக்கையான உள்ளூர்க் குரல் என்று புகழ்கிறீர்கள். அதே குரல் பொய் சொன்னால்?"

கேட்க வேண்டிய கேள்வி. ருவாண்டாவில் 1993-ல் தொடங்கிய ஆர்டிஎல்எம் வானொலி மக்களின் பேச்சுமொழியில், பாட்டும் கிண்டலுமாகப் பேசியது. ஜனங்கள் விரும்பிக் கேட்டார்கள். 1994 இனப்படுகொலையின்போது அதே குரல் ஆட்களின் பெயர் சொல்லிக் கொல்லத் தூண்டியது. அதை நடத்தியவர்களை 2003-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டித்தது. இந்தியாவில் 2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் அப்பாவிகள் அடித்தே கொல்லப்பட்டார்கள். அனுப்பியவர்கள் உறவினர்களும் அண்டை வீட்டாரும். தெரிந்தவர் அனுப்பியது என்பதாலேயே நம்பினார்கள்.

ஆக, நெருக்கம் மட்டும் போதாது. சொன்னவரை மறுநாள் நிறுத்தி "நேற்று இப்படிச் சொன்னாயே, எங்கிருந்து கேட்டாய்?" என்று விசாரிக்க முடிய வேண்டும். எங்கள் மையத்தில் ஒலிபெருக்கியில் எதை அறிவித்தாலும் யார் சொன்னது என்பதையும் சேர்த்தே அறிவிப்போம். வதந்தி ஊரைச் சுற்றிய ஒரு மாலையில் காவல் நிலையத்துக்கு எல்லோர் முன்னாலும் போன் போட்டு, அங்கிருந்து வந்த பதிலை ஒலிபெருக்கிக்கு அருகில் பிடித்தோம். கூட்டம் கலைந்தது. வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வரும் செய்தியில் முதலில் சொன்னவர் யார் என்று தேடக்கூட வழியில்லை.

ஜூன் 18

பழங்கதையே பேசுகிறேன் என்கிறார்கள். போனை வைத்தே நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன்.

சத்தீஸ்கரில் 2010-ல் தொடங்கியது சிஜிநெட் ஸ்வரா. பிபிசியில் பணியாற்றிய சுப்ராஞ்சு சௌத்ரி தொடங்கிவைத்தார். ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அங்கிருந்து திரும்ப அழைப்பு வரும். சொல்ல வேண்டியதைச் சொந்தக் குரலில் பதிவு செய்யலாம், மற்றவர் சொன்னதைக் கேட்கலாம். எழுதத் தெரிய வேண்டாம், இணையம் வேண்டாம், பழைய பட்டன் போன் போதும். கோண்டி மொழியில் பேசலாம். கோண்டியில் நாளிதழ் இல்லாத நிலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அடிகுழாய் பழுது, ஆசிரியர் வராத பள்ளி, கூலி பாக்கி என்று மக்கள் பதிவு செய்வார்கள், சம்பந்தப்பட்ட அதிகாரியின் போன் எண்ணையும் சேர்த்துச் சொல்வார்கள். கேட்கிறவர்கள் அந்த அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். வேலை நடந்துவிட்டால், நடந்தது என்று அதே எண்ணில் மறுபடி ஒரு பதிவு. எங்கள் நோட்டின் கடைசிப் பத்தி அங்கே குரலாக இருக்கிறது.

போன் எல்லோர் கையிலும் என்ற பேச்சில் ஒரு திருத்தம் வேண்டும். வீட்டுக்கு வீடு என்று சொல்லுங்கள். பல வீடுகளில் அது ஆணின் சட்டைப் பையில் இருக்கிறது. மாதவிடாய்ச் சந்தேகத்தையோ குடும்ப வன்முறைச் சட்டத்தையோ கணவனின் போனில் எந்தப் பெண் தேடுவாள்? எங்கள் மையத்துக்குப் பெண்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல் வருவார்கள், அதுவும் பெண் ஊழியர் இருந்தால் மட்டும். அவர் விடுப்பு எடுத்த வாரங்களில் நோட்டில் பெண்கள் பெயரே இருக்காது. வங்கதேசத்தில் 1997-ல் கிராமீன் வங்கி கடன் கொடுக்க, கிராமீன் டெலிகாம் பெண்களிடம் போனை ஒப்படைத்து, ஊருக்கு அழைப்புச் சேவை விற்க வைத்தது. தொழிலாக அதன் காலம் முடிந்தது. ஆனால் பேச வருபவர் யாராக இருந்தாலும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்ற அந்த அமைப்பு, மற்றப் பெண்களுக்குக் கூச்சமில்லாமல் பேச ஓரிடம் தந்தது.

ஜூன் 19

இந்தியச் சமுதாய வானொலி ஏன் உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது என்று கேட்டவருக்கு: அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2006-ல்தான் தொண்டு நிறுவனங்கள் வானொலி நடத்தக் கதவு திறந்தது. 2008-ல் தெலங்கானாவின் மாச்சனூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ வந்தது. இவ்வளவு நடந்தும் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை வேண்டுமானால் அப்படியே மறுஒலிபரப்பலாம். ஊரில் நடந்ததை ஊர் வானொலி செய்தியாகச் சொல்லக் கூடாது என்ற விதியை எந்த நியாயத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. நேபாளத்தில் 1997-லேயே ரேடியோ சகர்மாதா ஒலிக்கத் தொடங்கியது. 2005-ல் மன்னர் ஆட்சியைக் கையில் எடுத்து எஃப்எம் நிலையங்களில் செய்திக்குத் தடை போட்டபோது, செய்தியாளர்கள் தெருவில் கூட்டம் கூட்டி வாசித்தார்கள்.

ஜூன் 22

கருவிகளைப் பற்றி ஆர்வமாகக் கேட்டவர்களுக்கு. கம்போடியாவின் ரத்தனகிரியில் 2003 வாக்கில் வைஃபை பெட்டி பொருத்திய மோட்டார் சைக்கிள்கள் பள்ளிக்குப் பள்ளி போய் மின்னஞ்சலை அள்ளிவந்தன. நேபாளத்தில் மகாபீர் புன் தன் நாங்கி கிராமத்துக்கு மரத்தில் ஆண்டெனா கட்டி இணைப்புக் கொண்டுவந்தார், 2007-ல் மகசேசே விருது பெற்றார். இரண்டும் எனக்குப் பிடித்தவை. ஆனால் புன்னிடம் நான் வியப்பது, உள்ளூர்ப் பிள்ளைகளையே பழுது பார்க்கப் பழக்கியது. வெளியூரிலிருந்து ஆள் வந்து சரி செய்ய வேண்டிய கருவி மழைக்காலத்தில் இல்லாத கருவிக்குச் சமம்.

ஒரே நிறுவனம் தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் யோசனையைப் பற்றியும் கேட்டார்கள். ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் அப்படித்தான் வந்தது. 2016 பிப்ரவரியில் இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தளத்துக்குத் தளம் கட்டண வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டது. நான் அந்த உத்தரவின் பக்கம். ஏழைக்கு எது தெரிந்தால் போதும் என்று தொலைவில் உட்கார்ந்து முடிவு செய்வது காளான் வளர்ப்புக் குறுந்தகட்டிலிருந்தே எனக்குப் பழக்கமான நோய்.

ஜூன் 25

முதலில் கேட்ட வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். தன் பகுதியில் சிலர் சேர்ந்து ஒன்று தொடங்க நினைப்பதாகவும் என்ன வாங்க வேண்டும் என்றும் கேட்கிறார். மகிழ்ச்சி.

எதையும் வாங்குவதற்கு முன் சில வாரங்கள் நோட்டோடு உட்காருங்கள். மரத்தடி போதும், யாரும் வரத் தயங்காத மரத்தடியாக இருக்க வேண்டும். கேள்விகள் சேர்ந்த பிறகு என்ன வாங்குவது என்று உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி, நல்ல பேட்டரி, எழுதுபலகை இவற்றோடு முடிந்துவிடும்.

பணத்தைக் கருவியைவிட ஆளுக்கு ஒதுக்குங்கள். குறைந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். ஒருவரை மட்டும் பழக்கினால் அவர் வேறு வேலைக்குப் போகும் அன்று மையமும் போய்விடும். அலுவலர்களின் போன் எண் பட்டியலை மாதத்துக்கு ஒரு முறை எல்லா எண்ணுக்கும் கூப்பிட்டுச் சரிபாருங்கள், இடமாற்றம் வந்துகொண்டே இருக்கும். பதில் கிடைக்காத கேள்விகளைத் தனியே எடுத்து, தகவல் உரிமை மனுவாக அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. அந்த மனுவின் நகலைப் பலகையில் ஒட்டிவிடுங்கள், இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று ஊரே எண்ணட்டும்.